கத்தரிக்காய் மேல் விழுந்த பழி

விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தி. எண்ணெய்க் கத்தரிக்காய் வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்த பையன் என் இலைக்கு முன்னால் நின்றான். கரண்டி இறங்குவதற்குள் பக்கத்து இலையிலிருந்து பெரியப்பாவின் கை நீண்டு வந்து என் இலையை மறைத்தது. “அவனுக்கு வைக்காதப்பா. கரப்பான் உடம்பு.”

பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தான். எதிர்வரிசைக்காரர்களும் பார்த்தார்கள். சாப்பிட வசதியாக மடித்துவிட்டிருந்த முழுக்கைச் சட்டையை இடது கையால் இறக்கிவிட்டுக்கொண்டு, ரசம் வரும்வரை காத்திருந்து, இரண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு எழுந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. சொரியாசிஸ் வந்து ஐந்து வருடம், கத்தரிக்காயை விட்டு நான்கு வருடம்.

கத்தரிக்காய் தனியாகப் போகவில்லை. கருவாடு, மீன், முட்டை, கோழி, நிலக்கடலை, மொச்சை, சோளம் என்று ஒவ்வொன்றாக என் இலையை விட்டு இறங்கிப் போயின. எங்கள் பக்கம் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர், கரப்பான் பண்டம். படையோ, சிரங்கோ, தேமலோ, தோலில் எது வந்தாலும் முதல் பழி இவற்றின் மேல்தான் விழும். பட்டியலை யாரும் எழுதி வைத்ததில்லை. அத்தைக்கு ஒன்று, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஒன்று, சலூன்காரருக்கு ஒன்று. மூன்றையும் கூட்டினால் சாப்பிட மிஞ்சுவது சோறும் மோரும். அதிலும் மோர் சளி பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் ராத்திரி நண்பர்களோடு போய் நான்கு எண்ணெய்ப் புரோட்டா தின்றேன். எங்கள் ஊர்ப் புரோட்டா கல்லில் வேகிற ஜாதி இல்லை, எண்ணெயில் மூழ்கி முறுகலாக வெளியே வருவது. சால்னா இரண்டு தடவை. வீட்டுக்கு வந்து சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. புரோட்டா கரப்பான் பண்டம் இல்லையே! மைதா நம் ஊருக்குள் வருவதற்கு முன்பே அந்தப் பட்டியலை முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

புளிக்காத மாவு

எனக்கு ஆரம்பித்தது தொண்டையில். இருபத்து நான்கு வயதில் காய்ச்சலோடு ஒரு தொண்டைப் புண் வந்து போனது. அது போன இரண்டாவது வாரம் வயிற்றிலும் முதுகிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள், மழைத்துளி தெறித்த மாதிரி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையைத் தாக்கிய பிறகு இப்படித் துளித்துளியாகச் சொரியாசிஸ் கிளம்புவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த சங்கதி. எனக்கும் என் வீட்டுக்கும் தெரியாதே! வேர்க்குரு என்றோம். பிறகு படை என்றோம். தலையில் செதில் உதிர்ந்தபோது பொடுகு என்றோம். முழங்கை, முழங்கால், முதுகின் அடிப்பகுதி என்று தடித்த திட்டுகளாக வந்து உட்கார்ந்து, மேலே வெள்ளிப்பூச்சு போலச் செதில் படிந்த பிறகுதான் ஒரு தோல் மருத்துவர் பெயரைச் சொன்னார்.

அதற்குள் மெடிக்கல் ஷாப் வைத்தியம் ஒரு வருடம் ஓடியிருந்தது. “படைக்கு ஏதாவது குடுங்கண்ணே” என்றால் ஒரு ட்யூப் கிடைக்கும். நாலே நாளில் தோல் பளபளவென்று ஆகிவிடும். நிறுத்தினால் பத்தே நாளில் திரும்பி வரும், கூடவே இரண்டு உறவினர்களையும் அழைத்துக்கொண்டு. அந்த ட்யூபுக்குள் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை தடவினால் அது நல்ல மருந்து. இஷ்டத்துக்குத் தடவினால் தோல் காகிதம்போல் மெலிந்து வரி விழும், எந்த நோய்க்குத் தடவினோமோ அதுவே வீறுகொண்டு திரும்பும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. விதி கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது, ட்யூப் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். நம் தோலின் அடியடுக்கில் பிறக்கிற செல் மெல்ல முதிர்ந்து மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் இந்தப் பயணம் ஒரு வாரத்துக்குள், பல சமயம் நான்கைந்து நாளிலேயே முடிந்துவிடுகிறது. புளிக்காத மாவில் அவசர அவசரமாக இட்லி ஊற்றுகிற கதை. முதிராத செல்கள் உதிரவும் தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. இந்த அவசரத்துக்குக் காரணம் தோல்கூட இல்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புப் படை, எதிரியே இல்லாத இடத்தில் போர் முரசு கொட்டுகிறது. பிறவியிலேயே அதற்கு வாய்ப்புள்ள மரபணுக்கள் சிலருக்கு இருக்கின்றன. தொண்டைத் தொற்று, மனஅழுத்தம், குடி, புகை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், தோலில் படுகிற கீறல் என ஏதோ ஒன்று அதைத் தட்டி எழுப்புகிறது. காயம் பட்ட கோட்டிலேயே திட்டு முளைக்கும் விசித்திரத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் எழுதிவைத்தார். சொறிந்தால் பரவும் என்று பாட்டிகள் சொன்னது இந்த அளவுக்கு உண்மை. சொறிந்தவருக்குப் பரவும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பரவாது. தொட்டாலும், ஒரே தட்டில் தின்றாலும், ஒரே படுக்கையில் படுத்தாலும் ஒட்டாது.

இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவர் என்ற கணக்கில் இது இருக்கிறது. நீங்கள் ஏறுகிற டவுன் பஸ்ஸில் ஒருவருக்காவது இருக்கும், முழுக்கைச் சட்டைக்குள்.

வெயில் ஏராளம், சட்டை முழுக்கை

கருப்புச் சட்டையை விட்டேன். தோளில் செதில் விழுந்தால் காட்டிக்கொடுத்துவிடும். விடுதி அறைகளில் எழுந்ததும் முதல் வேலை, படுக்கை விரிப்பை உதறுவது. ஊரில் கிணற்றுக் குளியலை விட்டேன். நான் இறங்கியதும் இரண்டு பேர் கரையேறினார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. சலூனில் புதுத் துண்டு கேட்டேன், அவர் பழைய துண்டைத் தனியாக எடுத்து வைத்தார். இரண்டு பேருமே ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்துகொண்டிருந்தோம். பெண் பார்க்கப் போன வீட்டில் மாமா ஒருவர் கைகுலுக்கிவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வைக்காகவும் இருக்கலாம் என்று அம்மா இன்றுவரை வாதாடுகிறாள்.

இந்த நோயைத் தொழுநோயோடு குழப்பிக்கொண்டது நம் ஊர் மட்டும் இல்லை. லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தெளிவாக விவரித்த பிறகும் பெயரில் குழப்பம் நீடித்தது. வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1841-ல் இரண்டையும் திட்டவட்டமாகப் பிரித்தார். அதுவரை எத்தனையோ பேர் தவறான முத்திரையோடு ஊருக்கு வெளியே வாழ்ந்திருப்பார்கள். தொழுநோயே இன்று மாத்திரையில் குணமாகிற நோய் என்கிறபோது, அந்த முத்திரைக்கு இரண்டு பக்கத்திலும் அர்த்தம் இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக்குக்கு ஆறு வயதிலிருந்தே சொரியாசிஸ். தன் தோலோடு நடத்திய போரைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறார். குளிர்ப் பிரதேசத்துக்காரரான அவர் வெயில் தேடிக் கரீபியன் தீவுகளுக்குப் போய்ப் படுத்துக்கிடப்பார், தோல் தெளியும், திரும்பி வருவார். படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விருதுநகரில் பிறந்த எனக்கு வெயில் காசில்லாமல் கொட்டுகிறது. நானோ சித்திரை மாதத்தில் மணிக்கட்டு வரை பட்டன் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிரில் ஒரு பகுதி, தோலில் நடக்கிற அந்த அர்த்தமற்ற போரைத் தணிக்கிறது. மருத்துவமனைகளில் 311 நானோமீட்டர் அலைநீளக் கதிரை அளவாகப் பாய்ச்சும் சிகிச்சை இதே தத்துவம்தான். இதற்கு முன்னோடியான ஒரு முறை 1974-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. சோராலென் என்ற பொருளைக் கொடுத்துவிட்டுக் கதிரில் நிறுத்துவார்கள். அந்தச் சோராலென் எதில் இருக்கிறது தெரியுமா? நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற கார்போக அரிசியில். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை வாங்கி அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் நிற்கக் கூடாது. தீப்பட்டதுபோல் கொப்புளிக்கும். வெயிலே கூட அளவு தாண்டிச் சுட்டுவிட்டால், சுட்ட இடத்தில் புதுத் திட்டு வரும்.

நாற்பது நாள் பொடி

முப்பது வயதில் ஒருவர் பொடி கொடுத்தார். காகிதப் பொட்டலம், பெயர் கிடையாது, என்ன மருந்து என்று கேட்டால் “மூலிகை”. நாற்பது நாள், பத்தியத்தோடு. உப்பைக் குறைக்கச் சொன்னார், புளியை நிறுத்தச் சொன்னார், கத்தரிக்காயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டாவது வாரமே தோல் சுத்தம். பசியும் எடுத்தது, அப்படி ஒரு பசி! முகம் உருண்டையாக உப்பியது. “பையன் தேறிட்டான்” என்றார்கள். பொட்டலம் தீர்ந்த பத்தாம் நாள் தலைமுதல் கால்வரை தீயாய்ச் சிவந்து, உடம்பு நடுங்கி, தோல் தாள்தாளாக உரிந்து ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன்.

அந்தப் பசியையும் உருண்டை முகத்தையும் கேட்டவுடனே அங்கிருந்த மருத்துவருக்கு விளங்கிவிட்டது. பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள். ஸ்டீராய்டை வாய்வழியாகச் சாப்பிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சொரியாசிஸ் உடல் முழுவதும் வெடிக்கக்கூடும். உடம்பு தன் சூட்டையும் நீரையும் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் உயிருக்கே ஆபத்தாகிற நிலை அது.

இதைச் சொல்வதால் சித்த மருத்துவத்தின் மேல் கல்லெறிவதாக நினைக்க வேண்டாம். சித்தத்தில் இந்த நோய்க்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறுகிற அழகைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வறண்ட திட்டில் அந்தத் தைலம் தடவினால் இதமாகத்தான் இருக்கிறது. நான் சொல்வது பெயரில்லாத பொட்டலத்தைப் பற்றி.

இன்னொன்றும் அந்த நாட்களில்தான் புரிந்தது. பத்தியம் என்பதற்கு நம் மரபில் முடிவு நாள் உண்டு. இன்ன மருந்து, இத்தனை நாள், அதற்குப் பிறகு மறுபத்தியம் இத்தனை நாள், அதோடு சரி. மருந்தே எடுத்துக்கொள்ளாமல் பத்தியத்தை மட்டும் ஆயுள் தண்டனையாக்கியது நாம்தான். நோய் வந்தவன் எதையாவது தின்று கெட்டிருக்க வேண்டும் என்று நம்புவது சுற்றியிருப்பவர்களுக்கு வசதி. நோயாளிக்கும் வசதிதான். காரணம் கைக்குச் சிக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

இடுப்பில் ஒரு டேப்

முப்பத்து மூன்றாவது வயதில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மருத்துவரிடம் பட்டியலை ஒப்பித்தேன். இதை விட்டேன், அதை விட்டேன், இன்னும் எதை விட வேண்டும்? அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு மேசை டிராயரிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்தார். இடுப்பைச் சுற்றினார். 104 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும், பெண்களுக்கு 80-க்குள்.

“கத்தரிக்காய விட்டுட்டீங்க, சரி. சோறு எத்தனை கரண்டி?”

அந்தக் கேள்வியை ஒன்பது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 சதவீதம். நீரிழிவுக்கு வாசல்படி. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. சொரியாசிஸ் தோலோடு நிற்பதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தோலில் தெரிகிற அழற்சி ரத்தத்திலும் ஓடுகிறது. நீரிழிவு, ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவை இந்த நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. மறுபுறம், தொப்பைக் கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. சொரியாசிஸைத் தூண்டுகிற அதே அழற்சிப் பொருட்களில் சிலவற்றை அதுவும் சுரக்கிறது. எரிகிற அடுப்புக்கு நானே விறகு தள்ளிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் எழுதினார். பழைய மருந்து, விலை குறைவு, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது. இதைப் பற்றி ஒரு வரி கட்டாயம் சொல்ல வேண்டும். இது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுகிற மருந்து. தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. எனக்கு வியாழக்கிழமை, சீட்டில் கிழமையை வட்டம் போட்டுக் கொடுத்தார். மற்ற நாள்களில் ஃபோலிக் ஆசிட். கல்லீரல் பரிசோதனை தவறாமல். குடி கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு உட்கார்ந்திருந்தால் இந்த மருந்தின் பாரத்தை அது எப்படித் தாங்கும்? “மருந்து நான் தர்றேன், கல்லீரல நீங்க பாத்துக்கணும்” என்றார். சாப்பாடு என் சிகிச்சைக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

இன்னும் பெரிய மருந்துகளும் இருக்கின்றன. அழற்சிப் பாதையில் குறிப்பிட்ட ஓர் இடத்தை மட்டும் அடைக்கிற உயிரி ஊசிகள் இந்த நோயின் தலைவிதியையே மாற்றியிருக்கின்றன. பெங்களூருவின் பயோகான் 2013-ல் இடோலிசுமாப் என்ற ஊசியை இதற்காகவே சந்தைக்குக் கொண்டுவந்தது. விலைதான் நடுத்தர வீட்டுக்கு எட்டாத உயரம்.

காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக்கிடந்தாலோ, குதிகால் வலித்தாலோ, விரல் ஒன்று மட்டும் வீங்கினாலோ சொல்லச் சொன்னார். சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர்வரை மூட்டிலும் இது இறங்கலாம், தாமதித்தால் மூட்டு சிதைந்துவிடும். நகத்தில் ஊசி குத்திய மாதிரிக் குழிகள் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இலையின் கணக்கு

இரண்டு வாரம் தின்றதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதுவதுதானே என் தொழில்? இரண்டாம் நாளே பொய் எழுதத் தொடங்கிவிட்டேன். சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலத்தை “கொஞ்சம் சேவு” என்று எழுதினேன். பிறகு வெட்கப்பட்டு அடித்துவிட்டு எடையைப் போட்டேன்.

டீ மட்டும் ஒரு நாளைக்கு ஆறு. டீக்கு இரண்டு கரண்டி, ஏறத்தாழ 10 கிராம் என்று வைத்தால் 60 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்கிற உச்சவரம்பு சுமார் 50 கிராம், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பிடி கருவாடு கூடத் தொடாத உத்தமன், டீக்கடையிலேயே வரம்பைத் தாண்டியிருந்தேன். காலையில் ஆறு இட்லி, மதியம் மலைபோல் சோறு, பொரியல் ஒரு மேசைக்கரண்டி அளவில் ஓரமாக, ராத்திரி புரோட்டா அல்லது தோசை. பருப்பு சாம்பாரின் அடியில் மட்டும். முட்டை, மீன், கடலை எல்லாம் தடைப் பட்டியலில். அதாவது புரதம் இருந்த பண்டங்களைத் தேடித் தேடி விரட்டிவிட்டு, அந்தக் காலி இடத்தை மாவால் நிரப்பியிருக்கிறேன். கரப்பான் பட்டியலின் உண்மையான விளைவு இதுதான், அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்தது. 2,000 கலோரிக் கணக்கில் ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம் என்று போகிறது அந்தக் கணக்கு. தானியம் என்றால் அரிசியாக, மாவாக இருக்கும்போது உள்ள எடை, வெந்த சோற்றின் எடை இல்லை. என் கணக்கில் தானியம் இதைப்போல இரண்டு மடங்கு, காய் நூறு கிராம் தேறாது.

சரி, சாப்பாட்டை மாற்றினால் சொரியாசிஸ் போய்விடுமா? போகாது. இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, முப்பது நாளில் வேரோடு அறுக்கிறேன் என்று வீடியோ போடுகிறவர்களின் குரல் பெரிதாக இருப்பதால். டென்மார்க்கில் உடல் பருமனும் சொரியாசிஸும் உள்ள 60 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. பாதிப்பேருக்குக் கடுமையான குறைந்த கலோரி உணவு, 16 வாரம். அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 15 கிலோ கூடுதலாக இளைத்தார்கள். தோல் தெளிந்ததா? தெளிவதற்கான சாயல் இருந்தது, ஆனால் இதோ நிரூபணம் என்று மார்தட்டும் அளவுக்கு இல்லை. அவர்களது அன்றாட வாழ்க்கைத் தரம் நிச்சயமாக மேம்பட்டிருந்தது. 2018-ல் அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசிப் பரிந்துரை தந்தது. அதில் உறுதியாகச் சொன்னது ஒன்றைத்தான். எடை கூடியவர்கள், எடுத்துக்கொள்கிற மருந்தோடு சேர்த்து, கலோரியைக் குறைத்து எடையைக் குறைக்கட்டும். கோதுமைப் பசையை விடுவது பற்றியும் அதில் உண்டு. அதற்கான ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை அடையாளம் தெரிந்தவர்கள் விட்டால் போதும், மற்றவர்களுக்கு வேலையில்லை. கோதுமையால் குடல் கெடுகிற நோய் கோதுமை தின்கிற வட இந்தியாவில்தான் அதிகம், நம் பக்கம் குறைவு. ஆகவே புரோட்டாவை விட்டுத் தோல் தேறியது என்று யாராவது சொன்னால் அது மைதாவின் பசையைவிட, விட்டுப்போன எண்ணெயும் கலோரியும் செய்த காரியமாகவே இருக்கும்.

அதே 2018-ல் பிரான்ஸில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் விசாரித்த ஆய்வு ஒன்றில், மத்தியதரைக்கடல் பாணியில் சாப்பிடுகிறவர்களுக்குக் கடுமையான சொரியாசிஸ் குறைவாக இருந்தது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அந்த வகை ஆய்வு போதாது. ஆனால் அந்தப் பாணி என்னவென்று பார்த்தேன். காய்கறி, பயறு, கொட்டைகள், மீன், பழம், ஆலிவ் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் விலையைக் கேட்டுத் திரும்பிவந்துவிட்டேன். மற்றதெல்லாம் நம் சந்தையில் கிடக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டைப்பயறு, அரைக்கீரை, ஒரு கை வறுத்த நிலக்கடலை, கொய்யா. மீன் என்றால் வஞ்சிரம் வேண்டியதில்லை, மலிவான மத்தியில் ஒமேகா-3 ஏராளம். எங்கள் பக்கத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து வருகிற சாளை அதுதான். என் தடைப் பட்டியலில் பாதி, அந்த நல்ல உணவுப் பட்டியலில் இருந்தது.

சிறுதானிய வெறி பிடித்தும் ஆறு மாதம் ஆட்டம் போட்டேன். குதிரைவாலிப் பொங்கல், வரகுப் பிரியாணி. எடை ஒரு கிலோ ஏறியது. நார்ச்சத்து அதிகம்தான், ஆனாலும் அது மாவுதான். நெய் விட்டு இரண்டு தட்டு தின்றால் குதிரைவாலியும் சொன்ன பேச்சுக் கேட்காது.

கடைசியில் நிலைத்தது சாதாரணமானது. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ. முதலில் காயைத் தின்றுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வருவது. டீ இரண்டு, சர்க்கரை இல்லாமல். முதல் மாதம் கஷாயம்போல் இருந்தது, இப்போது சர்க்கரை போட்ட டீ பாயசம்போல் இருக்கிறது. புரோட்டா மாதத்துக்கு ஒரு நாள், ஒன்று. ஒன்றோடு எழுந்து வருகிற அவமானத்தைப் புரோட்டா மாஸ்டர் முகத்தில் பார்க்க வேண்டும். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. “கூட்டச் சோறு மாதிரி திங்கான், சோத்த கூட்டு மாதிரி தொட்டுக்கிறான்” என்று சொந்தக்காரர்களிடம் புலம்பினாள்.

பதினான்கு மாதத்தில் 86 கிலோ 75 ஆனது. சர்க்கரை 5.6-க்கு இறங்கியது. தோல்? முதுகும் வயிறும் தெளிந்துவிட்டன. முழங்கையில் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு திட்டு நிற்கிறது, இடது முழங்காலின் கீழே ஒன்று. மார்கழிக் குளிரில் தலையில் செதில் வரும், மாசியில் போகும். குளித்துத் துவட்டிய ஈரம் காயும் முன்னே தேங்காயெண்ணெய் பூசிக்கொள்கிறேன். இதில் மருந்து எவ்வளவு, எடை எவ்வளவு, தூக்கம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மருத்துவரிடம் கேட்டேன், “மூணையும் விடாதீங்க” என்றார்.

தடைப் பட்டியலை அவர் சொன்ன முறையில்தான் உடைத்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பண்டம். சாப்பிடுவது, நாலைந்து வாரம் நோட்டில் தேதி போட்டுத் தோலைக் கவனிப்பது, பிறகு அடுத்தது. முட்டை வந்தது, ஒன்றும் ஆகவில்லை. கடலை வந்தது. சாளை வந்தது. கத்தரிக்காய் தின்றால் நாக்கும் உதடும் அரிக்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் விட்டுவிடட்டும். எனக்கு ஒரு நாளும் அரித்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அதை விட்டதற்கு என் அனுபவத்தில் ஒரு காரணமும் இல்லை, அத்தை சொன்னாள் என்பதைத் தவிர.

நோட்டில் கடைசியாக மிஞ்சியது அந்தக் காய்தான். போன தைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கச் சொன்னேன். பத்து வருடம் ஆயிற்று. முதலில் மறுத்தாள். பிறகு சந்தையில் பிஞ்சுக் காயாகப் பொறுக்கி வாங்கிவந்து, நாலாகப் பிளந்து, எண்ணெயைக் கணக்காக ஊற்றி, என் தட்டில் இரண்டே இரண்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் தின்னும்போது என் வாயைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னை திரும்பியதும் மூன்று வாரம் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால். “ஏய்யா, கையக் காட்டு.” காட்டுவேன். “லைட்டுப் பக்கம் திருப்பு.” திருப்புவேன். இருபத்திரண்டாம் நாள் கூப்பிட்டவள் கையைக் கேட்கவில்லை.

“உங்க பெரியப்பாட்ட சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“அது நல்ல காயாம். மழைத் தண்ணில வெளஞ்சதாம். ஒண்ணும் செய்யாதாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்பளத்த மட்டும் தொடாதன்னாரு.”